ஒஸ்மார் கட்டிய வக்கீல் காசு

சனிக்கிழமை என்றால் ஒஸ்மார் வீட்டில் சோளம். விடிந்ததும் ஆற்றங்கரைப் பண்ணையிலிருந்து வண்டி வந்து, பின்கட்டில் பச்சைக் கதிரைக் குவித்துவிட்டுப் போகும். நான் எதிர்வீட்டுத் தையல்காரி. சனிக்கிழமை காலையில் எவள் வந்து அளவு கொடுத்தாலும் வாங்க மாட்டேன். கத்தியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்துவிடுவேன். எனக்கு அங்கே கூலி கிடையாது. மத்தியானம் ஒரு பொட்டலம் பமோன்யா, அந்தச் சோளத்தில் அவிக்கிற பலகாரம், கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலத்துக்காகத்தான் போகிறேன் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் பேச்சுக்காகப் போகிறேன்.

பமோன்யா தின்கிறவர்களுக்கு அது லேசு. கதிரின் அடியைச் சரியான இடத்தில் வெட்ட வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் மடல் கிழிந்துவிடும், கிழிந்த மடல் எதற்கும் ஆகாது. ஒஸ்மார் வெட்டுவான். நானும் அவன் பெண்டாட்டி ஜெனெய்தெயும் மடலை முழுசாகப் பிரித்து, கதிரிலுள்ள நாரை எடுப்போம். துருவிப் பிழிந்த மாவில் காய்ச்சிய கொழுப்பைச் சுடச்சுட ஊற்றி, உப்பு ஒரு பாத்திரத்தில், சர்க்கரை ஒரு பாத்திரத்தில் கலக்க வேண்டும். மடலைக் கூம்பாக மடித்து மாவை ஊற்றி, நடுவில் ஒரு துண்டு சீஸ் வைத்து, இன்னொரு மடலால் மூடிக் கட்டி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் முன்பக்கக் கடையில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

மாவு பிழிகிறவள் லெனீஸ். ஒஸ்மாரின் ஒரே தங்கை. வாரம் முழுக்க அவள் நகராட்சி வக்கீல். ஊரே எழுந்து நின்று வக்கீலம்மா என்று கூப்பிடும். சனிக்கிழமை நகப்பூச்சைத் துடைத்துவிட்டு வந்து, துணியில் மாவைப் போட்டு முறுக்கிப் பிழிவாள். அவள் அளவுக்கு ஒட்டப் பிழிய எங்களில் யாருக்கும் கை வராது. அவள் மகள் தாயிஸ் தலைநகரில் தனியார் கல்லூரியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் எப்போதோ போய்விட்டான். கல்லூரிக் கட்டணத்தைச் சொல்லும்போது மட்டும் லெனீஸின் குரல் சன்னமாகிவிடும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் நகராட்சி ஒரு காரியம் செய்தது. வீட்டு வரி பாக்கி வைத்திருப்பவர்கள் விளையாட்டு அரங்கத்துக்கு வந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், அபராதமும் வட்டியும் தள்ளுபடி. அசலை மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டலாம். ஜெனெய்தெவுக்கு வயிற்றில் அறுவை நடந்த வருடத்திலிருந்து ஒஸ்மார் வரி கட்டவில்லை. தங்கையிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் கட்டிவிடுவாள் என்பதுதான் காரணம். வியாழக்கிழமை காலையில் குடையும் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களுமாகப் போய் வரிசையில் நின்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"முடிஞ்சுது நேல்சாக்கா. காப்பிகூடக் குடுத்தாங்க. அரசாங்கத்துக்கும் எப்பவாச்சும் நல்ல புத்தி வருது" என்றான்.

"காப்பியில சர்க்கரை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்ப சூதானமா இருடா" என்றேன். சும்மா கேலிக்குத்தான் சொன்னேன்.

மாதாமாதம் தவறாமல் கட்டினான். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு சங்கதி இருந்தது. நகராட்சி தன் வட்டியை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் வரி பாக்கிக்காக வழக்குப் போட்ட நகராட்சி வக்கீல்களின் பத்து சதவீதத்தை அது விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பணம் நகராட்சியுடையது இல்லை, வக்கீல்களுடையது. அதற்குத் தவணையும் கிடையாது. ஒரே தடவையில் கட்ட வேண்டும். அதற்கான சீட்டு தனியாக, தபாலில், ஒரு மாதம் கழித்து வந்தது. மேலே நகராட்சியின் முத்திரை இல்லை. 'நகர வக்கீல்கள் கட்டண நிதி' என்று இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தபாலில் வருகிற சீட்டில் பாதி மோசடி. எவனோ ஒருத்தன் சங்கம் என்றும் பதிவேடு என்றும் பெயர் போட்டு, கோடு கோடாக அச்சடித்து அனுப்புவான், பயந்தவர்கள் கட்டிவிடுவார்கள். முந்தின வருடம்தான் முனையிலிருக்கும் சலூன்காரர் அப்படிக் கட்டி ஏமாந்து, ஊரே சிரித்தது. ஒஸ்மார் அந்தச் சீட்டைப் பார்த்தான், "நம்மகிட்டயேவா" என்றான், அடுப்பைப் பற்றவைக்க எடுத்துக்கொண்டான். பக்கத்தில் நாங்கள் இருந்தோம். புத்திசாலித்தனம் என்றுதான் எங்களுக்கும் பட்டது.

மழை நின்று, செம்புழுதிக் காலம் வந்தது. ஆகஸ்டில் எங்கள் ஊரில் துவைத்த துணியைக் காயப்போட்டு எடுத்தால் மறுபடி துவைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை ரேடியோக்காரன் நகராட்சி ஊழியர்களின் சம்பளத்தைப் பெயரோடு படிக்க ஆரம்பித்தான். அது ஒன்றும் ரகசியமில்லை. அரசாங்கமே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வலைத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் போவதே அங்கேதான். ஆனால் நாமாகப் பார்ப்பது வேறு, ரேடியோவில் கேட்பது வேறு. வக்கீல்களின் சம்பளம் சட்டம் வைத்த உச்சவரம்பைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் வழக்குக் கட்டணத்தில் பங்கு. அதற்கு மேல் புத்தகம் வாங்க உதவி, உடல்நலத்துக்கு உதவி என்று வேறு வேறு பெயர்கள். எல்லாம் சேர்த்தால் வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. லெனீஸின் பெயர் மூன்றாவதாக வந்தது.

அன்றைக்குக் கடையில் டாக்சி ஓட்டும் ஜெசுவீனோ காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏப்பா ஒஸ்மாரு, புத்தகம் வாங்க உதவியாமே. உன் தங்கச்சி மாசம் ஒரு லைப்ரரி வாங்குறாளோ?"

"அவ ராத்திரி பகலா படிச்சு, பரீட்சை எழுதி வந்தவ. உங்க வீட்டுக் காசா?"

"எங்க வீட்டுக் காசுதாம்ப்பா. வேற யாரு வீட்டுக் காசு?"

"சட்டத்துல இல்லாமலா வாங்குவா? அவளே சட்டம் படிச்சவ."

"வரம்புன்னு ஒண்ணு சட்டத்துலதான இருக்கு. எனக்கு மீட்டருக்கு மேல ஒரு பைசா வாங்குனா லைசன்ஸ் போயிரும்."

"குடிச்சா கிளம்பும். பின்னாடி ஆள் நிக்குது" என்றான் ஒஸ்மார். மிச்சக் காசை மேசையில் தட்டி வைத்தான். தங்கையைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டான். அந்தச் சனிக்கிழமை அவள் வந்தபோது ரேடியோவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று எங்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தான். எனக்கு வாயை மூடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் மூடியிருந்தேன்.

செப்டம்பரில் கோர்ட் ஆள் வந்தார். வெயிலில் முகம் சிவந்து, பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. தள்ளுபடி செய்த வட்டியும் அபராதமும் திரும்ப ஏறிவிட்டன. வீட்டை மதிப்புப் போட வந்திருக்கிறார், ஏலத்துக்கு.

"நான் மாசாமாசம் கட்டிட்டேனே. ஒண்ணுவிடாம இருக்கு, பாருங்க" என்று ஒஸ்மார் காகிதங்களை எடுத்து நீட்டினான்.

"இதெல்லாம் சரிதான். வக்கீல் கட்டணம் கட்டலையே. அது கட்டலைன்னா ஒப்பந்தமே செல்லாது."

"அப்படி எதுவும் எனக்கு வரல."

"தபால்ல வந்திருக்குமே" என்றார் அவர். அப்போதுதான் ஜெனெய்தெ தலையில் கை வைத்துக்கொண்டு சோளமடல் குவியல் மேலேயே உட்கார்ந்தாள்.

அன்றைக்கே லெனீஸ் ஓடிவந்தாள். அலுவலகச் செருப்போடு பின்கட்டுப் புழுதியில் நின்றாள். காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள். வழக்குப் போட்ட வக்கீல் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"என் கையெழுத்துண்ணே இது."

"தெரியும். படிச்சேன்."

"முந்நூறு முந்நூறா சேர்த்து கம்ப்யூட்டர்ல வரும். மொத்தமா ஒரு தடவை அழுத்துனா முந்நூறுக்கும் கையெழுத்து விழுந்துரும். யாரும் பேரைப் பார்க்கிறதில்ல. சத்தியமா நான் பார்க்கல."

"நம்ம அம்மா வீட்டு விலாசம் லெனீசு. நீ பொறந்த வீடு."

"பார்த்திருந்தா போட்டிருப்பேனா?"

"வேற யாரு விலாசமா இருந்தாலும் போட்டிருப்ப, அதுதானே" என்றாள் ஜெனெய்தெ. அவள் அதிகம் பேசாதவள்.

லெனீஸ் பைக்குள் கையை விட்டு, "மொத்தத்தையும் நானே கட்டுறேன். நாளைக்கே முடிச்சிரலாம்" என்றாள்.

ஒஸ்மார் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. "நீ எனக்குக் குடுத்து, அதை நான் வக்கீல் நிதியில கட்டி, அது திரும்ப உன் சம்பளத்துல வருமா? நல்லா இருக்கு கூத்து. கடையில உக்காந்து உனக்காக நான் ஊரோட சண்டை போட்டேன் லெனீசு. சட்டத்துல இல்லாததை என் தங்கச்சி வாங்க மாட்டான்னு சொன்னேன். இப்ப அந்தக் காசையே வாங்கி வீட்டை மீட்டா, நாளைக்கு ஜெசுவீனோ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"பிடிவாதம் பண்ணாதண்ணே."

"உன் காசு வேண்டாம். என்னை மாதிரி ஏமாந்தவன் நானூறு பேர் இருக்கானாம். சீட்டை மோசடின்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டவன், ஒரே தடவையில கட்ட முடியாதவன். அத்தனை பேருக்கும் தவணை போட்டுக் குடுங்க. வரிசையில நின்னு நானும் கட்டிக்கறேன்."

கேட்டதில் நியாயம் இருந்தது. அதை முடிவு செய்ய வேண்டியது அந்த நிதியின் மூவர் குழு. பெரியவர் ஒலிம்பியோ, இளவட்டம் தியேகோ, அப்புறம் லெனீஸ். தவணைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு அவர்கள் பங்கு குறையும், அவ்வளவுதான். யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. அடுத்த வெள்ளிக்கிழமை குழு கூடியது. சனிக்கிழமை லெனீஸ் வந்தாள். நாங்கள் மடலைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தோம்.

"விழுந்துருச்சுண்ணே" என்றாள். "தியேகோ தவணை குடுக்கலாம்னான். ஒலிம்பியோ கூடாதுன்னார். ஒண்ணுக்கு ஒண்ணு. சமமா வந்தா தீர்மானம் விழுந்துரும்."

"நீ?" என்றான் ஒஸ்மார்.

"நான் போட முடியாது. சொந்தக்காரங்க விஷயம் வந்தா விலகிக்கணும், அது விதி. எழுந்து வெளிய போயிட்டேன்."

"அந்த நானூறு பேரும் உனக்குச் சொந்தமா?"

"அண்ணே, நாளைக்கு எவனாவது கேஸ் போட்டான்னா..."

"ரேடியோவுல உன் பேரு வந்துச்சே, அப்ப எந்த விதியும் குறுக்க வரலையா?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "புத்தகத்துக்கு உதவின்னு வாங்கறப்ப யாரும் எழுந்து வெளிய போகலையேம்மா."

லெனீஸ் துணியை எடுத்து மாவைப் பிழிய உட்கார்ந்தாள். ஜெனெய்தெ அவள் கையிலிருந்து துணியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அதுவரைக்கும் அவள் நாத்தனாரை நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் லெனீஸ் என் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கோபம் எனக்கும் இருந்தது. கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டேன்.

"வெளிய போய் நின்னியே, அப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சு? விதியை விடு. மனசுக்கு."

கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் வைத்தாள். "நிம்மதியா இருந்துச்சுக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல. தாயிசுக்கு இன்னும் மூணு வருஷக் கட்டணம் இருக்கு. வாக்குப் போடச் சொன்னா அண்ணனுக்காகப் போட்டுத்தான் ஆகணும். போட வேணாம்னு ஒரு விதி கிடைச்சதும், அப்பாடான்னு கதவை மூடிட்டு வந்து நின்னேன். அங்க இருந்த மிஷின்ல ஒரு காப்பி எடுத்துக் குடிச்சேன்."

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்க வாய் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

ஏலம் வரைக்கும் ஒஸ்மார் காத்திருக்கவில்லை. ஏலத்தில் போனால் பாதி விலைகூடத் தேறாது. பக்கத்து மனையில் இருந்த மருந்துக்கடைக்காரர் ரொம்ப நாளாக இடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டான். அக்டோபரில் முதல் மழை விழுந்த வாரத்தில் பத்திரம் முடிந்தது. வந்த பணத்தில் வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் அடைத்தான். ஏறிப்போன தொகையில் பத்து சதவீதம் வக்கீல் கட்டணம். அதை மட்டும் அவனே வங்கிக்கு நடந்து போய்க் கட்டிவிட்டு வந்தான். மிச்சத்தில் ஊர்க்கோடியில் ஒரு வாடகை வீடு. கடைக்கு அங்கே வழியில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் பெரிதாகப் பமோன்யா கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கதிர் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தான். இருபது வருடம் முதலாளியாக வெட்டியவன் இப்போது கூடைக்கு இவ்வளவு என்று வெட்டுகிறான். வீட்டில் வைத்து வெட்டிக் கொடுத்தால் போதும் என்பது ஒரு வசதி. காலி செய்த அன்றைக்கு லெனீஸ் வந்து, தெருவில் காரை நிறுத்தி, இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். ஒஸ்மார் பெரிய அண்டாவைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு அவள் காரைத் தாண்டிப் போனான். பார்த்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

நான் சனிக்கிழமை போவதை விடவில்லை. பஸ் ஏறிப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. தகரக் கூரையில் சத்தம் காதை அடைத்தது. மூன்று பேரும் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒஸ்மாரின் போன் அடித்தது. லெனீஸின் பெயர். வீடு போனதிலிருந்து அவள் பலமுறை அடித்திருக்கிறாள், அவன் எடுத்ததில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, "எடுங்கக்கா, என் கையெல்லாம் சோளப்பால்" என்றான். ஒலிபெருக்கியில் போட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அண்ணே."

"சொல்லு."

"நல்லா இருக்கியா? மதினி நல்லா இருக்காங்களா?"

"இருக்கோம். தாயிஸ் நல்லா படிக்குதா?"

"படிக்கிறாண்ணே." பிறகு அவசரமாக ஆரம்பித்தாள். "அரசாங்கச் செலவைத் தணிக்கை பண்ற கணக்கு மன்றத்துல இருந்து உத்தரவு வந்துருச்சு. வரம்புக்கு மேல ஒரு காசு குடுக்கக்கூடாதுன்னு. அக்டோபர்லயே நிறுத்திட்டாங்க. புத்தக உதவி அது இதுன்னு எந்தப் பேரும் செல்லாதாம். நாங்க எல்லாருமே சம்பளத்துலயே வரம்பைத் தொட்டுட்டோம்ல. அதனால கட்டணப் பங்கு யாருக்கும் வரல."

"தாயிசோட படிப்புக்கு?"

"காரை வித்துட்டேன். சமாளிச்சுக்குவேன். நான் அதுக்காகப் போன் பண்ணல." என்றாள். "நீ கட்டினியே அந்தப் பணம். அது அக்டோபர் கடைசியிலதான் உள்ள வந்திருக்கு. எடுத்துப் பார்த்தேன். அதுல ஒரு பைசா எனக்கு வரலண்ணே. இதை உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. உன் காசை நான் வாங்கல."

அவள் அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னாள். பாவி மகள், அதில் ஒரு ஆறுதல் இருக்கும் என்று நினைத்துத்தான் அத்தனை நாள் விடாமல் போன் அடித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒஸ்மார் கத்தியைக் கீழே வைத்தான். "அப்ப யாருக்குப் போச்சு? ஒலிம்பியோவுக்கா?"

"அவருக்கும் இல்ல."

"நகராட்சிக்கா?"

"நகராட்சி தொட முடியாது. அது வக்கீலுங்க பணம். வக்கீலுங்களும் தொட முடியாது, வரம்புக்கு மேல. உத்தரவை எதிர்த்துப் போட்டிருக்கிற கேஸ் முடியற வரைக்கும் நிதியிலயே கிடக்கும். எத்தனை வருஷம்னு யாருக்கும் தெரியாது."

"திருப்பித் தர முடியாதா?"

"சட்டத்துல வழியில்லண்ணே. நீ முறையா கட்டின பணம்."

ஜெனெய்தெ கையிலிருந்த மடலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போனைப் பிடித்திருந்த கை வலித்தது. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நினைத்து லெனீஸ் மறுபடியும் அண்ணே, அண்ணே என்றாள்.

"கேக்குது" என்றான். ஒரு கதிரை எடுத்தான், வெட்டாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். "நீ எடுத்திருக்கலாம் லெனீசு. என் மருமக படிப்புக்காவது ஆகியிருக்கும். நம்ம அம்மா வீடு போயி, கடைசியில யார் வாயிலயும் ஒரு பருக்கை விழலையேம்மா."

மறுமுனையில் அவள் அழுகிற சத்தம் மழையோடு சேர்ந்து கேட்டது. அவன் போனை வைக்கச் சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை.